முந்திரி முதல் நயா பைசா வரை

முன்னுரை

ஒரு ரூபாயை 320 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும்? இந்தக் கணக்கை இன்று ஒரு கணிப்பொறியிடம் கொடுத்து, விடையை வழக்கம்போல் இரண்டு தசம இடங்களுக்கு எழுதச் சொன்னால் அது 0.00 என்று எழுதும். அதாவது யாருக்கும் ஒன்றும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் அரிமளம் கடைத்தெருவில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், "ஆளுக்கு ஒரு காசு" என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும்.

கணக்கு ஒன்றுதான், விடையும் ஒன்றுதான். அதை எழுதும் முறை மட்டுமே மாறியிருக்கிறது. ஒரு எண் வேறு, அந்த எண்ணை எழுத்தில் காட்டுவது வேறு. எழுதும் முறை மாறும்போதெல்லாம் ஏதோ ஒரு சிறு பின்னம் விழுந்துபோகிறது. அது யாருடைய கையிலிருந்து விழுகிறது என்பதுதான் இதில் முக்கியமான கேள்வி. புதுக்கோட்டைச் சீமையின் பழைய காசிலிருந்து தொடங்கி இந்தக் கதையைக் காண்போம்.

அம்மன் காசு

புதுக்கோட்டைக்குத் தெற்கே, திருமயம் வட்டாரத்தில் அமைந்துள்ள ஊர் அரிமளம். இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் இவ்வூர், 1948-ஆம் ஆண்டு வரை தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்ததாக இருந்தது. சமஸ்தானம் 1948 மார்ச் 3-ஆம் நாள் சென்னை மாகாணத்துடன் இணைக்கப்பட்டு, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதி ஆயிற்று. புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது 1974 ஜனவரி 14-ஆம் நாள்.

இந்தச் சின்னஞ்சிறு சமஸ்தானத்துக்குத் தனியாக ஒரு நாணயம் இருந்தது. அதுதான் அம்மன் காசு. செம்பினால் ஆன இக்காசின் ஒரு பக்கத்தில் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் அமர்ந்த உருவமும், மறுபக்கத்தில் தெலுங்கு எழுத்தில் "விஜய" என்ற சொல்லும் இருக்கும். நவராத்திரி நாட்களில் அரண்மனையிலிருந்து அரிசியோடு இக்காசும் மக்களுக்கு வழங்கப்பட்டது. பிரகதாம்பாளை "அரைக்காசு அம்மன்" என்று மக்கள் அழைப்பதும், காணாமல் போன பொருள் திரும்பக் கிடைக்க வெல்லம் வைத்து வேண்டிக்கொள்வதும் இன்றும் உள்ள வழக்கம்.

ரூபாயும் அணாவும் ஆங்கில அரசின் நாணயங்கள். அவற்றோடு சேர்ந்து புழங்கிய அம்மன் காசின் மதிப்பு, ஓர் அணாவில் இருபதில் ஒரு பங்கு. ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஆகவே ஒரு ரூபாய்க்கு 320 அம்மன் காசு.

320 என்னும் எண்

தமிழ்க் கணக்கு தெரிந்தவர்களுக்கு 320 என்றதும் வேறொன்று நினைவுக்கு வரும். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த எண்சுவடியில் அடிப்படையான சிறு பின்னம் முந்திரி. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, அதாவது 1/320. அதன் இரண்டு மடங்கு அரைக்காணி (1/160). நான்கு மடங்கு காணி (1/80). பதினாறு மடங்கு ஒருமா (1/20). இருபது மடங்கு மாகாணி அல்லது வீசம் (1/16). நாற்பது மடங்கு அரைக்கால் (1/8). எண்பது மடங்கு கால். நூற்றறுபது மடங்கு அரை.

இந்தப் பட்டியலை ரூபாய்க்குப் பொருத்திப் பார்த்தால் ஓர் அழகு தெரியும். ரூபாயில் வீசம் என்பது ஓர் அணா, அதாவது 20 காசு. ரூபாயில் ஒருமா 16 காசு. காணி 4 காசு. முந்திரி ஒரே ஒரு காசு. பட்டியலில் உள்ள எந்தப் பின்னத்தை எடுத்தாலும் முழுக்காசாகவே வரும், உடைந்த காசு வராது. 16-க்கும் 20-க்கும் ஒருசேர இடம் கொடுக்கும் எண்ணாக 320 இருப்பதே இதற்குக் காரணம்.

முந்திரிக்கும் கீழே போக வேண்டியிருந்தால் பழந்தமிழர் "கீழ்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தனர். கீழ்முந்திரி என்றால் முந்திரியில் முந்நூற்றிருபதில் ஒன்று, அதாவது 1/1,02,400. முதலாம் இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் நில அளவுகள் இப்படிக் "கீழ்" போட்டுச் சொல்லப்பட்டுள்ளன. ஒரு சொல்லைக் கூட்டியதும் அளவுகோல் முழுவதும் 320 மடங்கு இறங்கிவிடுகிறது. இன்றைய கணிப்பொறிகள் மிகச் சிறிய எண்களை எழுத அடுக்கு எண்ணைப் பயன்படுத்துவதும் ஏறத்தாழ இதே உத்தி எனலாம்.

புள்ளி இல்லாத எழுத்து

தமிழ் எண் எழுத்து முறையில் தசமப் புள்ளி கிடையாது. பழைய முறையில் பூச்சியமும் கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் உண்டு. 1957 என்ற எண்ணை ௲௯௱௫௰௭ என்று எழுதுவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு என்று வாயால் சொல்வது அப்படியே எழுத்தாகிறது. பின்னங்களும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு குறி. 0.7 என்று நாம் எழுதுவதை அவர்கள் "அரையே நாலுமா" என்பர். அரை என்பது 160 முந்திரி, நாலுமா 64 முந்திரி. கூட்டினால் 224. அதை 320-ஆல் வகுத்தால் 0.7. கணக்கில் எதுவும் விழவில்லை.

புள்ளி வைத்து எழுதும் தசமப் பின்னம் ஐரோப்பாவில் பரவியதற்குப் பெல்ஜியம் பகுதியைச் சேர்ந்த சைமன் ஸ்டெவின் 1585-இல் வெளியிட்ட சிறு நூல் ஒரு பெரிய காரணம். அவருடைய குறியீடு இன்றைய புள்ளி அன்று. ஆனால் எல்லாப் பின்னங்களையும் பத்து, நூறு, ஆயிரம் என்ற வரிசையிலேயே எழுதலாம் என்ற கருத்து அவர் நூலால் பரவியது. அந்தக் கருத்து இந்தியாவின் நாணயத்துக்கு வந்து சேர ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆயின.

1957 ஏப்ரல் 1

1955-ஆம் ஆண்டின் இந்திய நாணயத் திருத்தச் சட்டம், ஒரு ரூபாய்க்கு 100 பைசா என்று வகுத்தது. 1957 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பழைய பைசாவோடு குழம்பாமல் இருக்க "நயா பைசா" என்று பெயர் வைத்தார்கள். "நயா" என்ற அடைமொழி 1964 ஜூன் 1-ஆம் நாள் நீக்கப்பட்டது.

பழைய அணாவும் புதிய பைசாவும் சில காலம் சேர்ந்தே புழங்கின. இங்கேதான் சிக்கல். 100-ஐ 16-ஆல் வகுத்தால் 6.25. கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. ஆகவே அரசு ஒரு மாற்று அட்டவணை வெளியிட்டது. ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25, ஐந்தணாவுக்கு 31, ஆறணாவுக்கு 37, ஏழணாவுக்கு 44, எட்டணாவுக்கு 50 என்று அது போகும். அருகில் உள்ள முழுப் பைசாவுக்கு மாற்ற வேண்டும். சரிபாதியாக நின்றால் கீழே உள்ள பைசாவுக்கு இறக்க வேண்டும் என்பது சட்டம் சொன்ன விதி. இரண்டணாவின் சரியான மதிப்பு 12.5. விதிப்படி அது 12 ஆயிற்று. ஆறணாவின் 37.5 என்பது 37 ஆயிற்று.

ஒன்று முதல் பதினாறு அணா வரை உள்ள 16 தொகைகளையும் எடுத்துப் பார்த்தால், நான்கு மட்டுமே மாற்றமின்றித் துல்லியமாக வரும். நான்கு தொகைகள் கால் பைசா கூடும். எட்டுத் தொகைகள் குறையும். கொடுப்பவருக்கு லாபம், வாங்குபவருக்கு நட்டம்.

அரிமளத்தில் ஒரு சிறு கடை இருந்ததாக வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் தனித்தனியே இரண்டணாச் சாமான் வாங்கி, புதுக்காசில் 12 பைசா வீதம் கொடுக்கிறார்கள். கடைக்காரர் கையில் சேர்வது 96 பைசா. அதே சாமானை ஒருவரே மொத்தமாக வாங்கியிருந்தால் 16 அணா, அதாவது முழு ரூபாய். சாமான் ஒன்றே, விலை ஒன்றே. எந்த இடத்தில் பின்னத்தை வெட்டினார்கள் என்பதைப் பொறுத்து நான்கு பைசா மறைந்துவிட்டது. நாளுக்கு நாள் எண்ணிப் பிழைக்கும் கடைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் அது சிறிய விஷயமன்று.

துல்லியமாகப் பொருந்திய நான்கும் எவை? நாலணா, எட்டணா, பன்னிரண்டணா, பதினாறணா. அணா போய்ப் பல ஆண்டுகள் ஆன பின்னும் 25 பைசாவை நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றும் தமிழ்நாட்டு மக்கள் சொல்லி வந்தது இங்கே நினைக்கத்தக்கது. அவை பழைய கணக்கிலும் சரி, புதிய கணக்கிலும் சரி, குறைவின்றி நின்ற தொகைகள். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் செல்லாதவை ஆயின.

கணிப்பொறியும் அணாவும்

மனிதர் பத்தின் அடிப்படையில் எழுதுவதுபோல் கணிப்பொறி இரண்டின் அடிப்படையில் எழுதுகிறது. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் போகும் பின்னங்கள் அதற்கு எளியவை. ஆகவே ஓர் அணா, அதாவது 0.0625 ரூபாய், கணிப்பொறியின் நினைவகத்தில் துளியும் பிழையின்றி உட்காரும். ஆனால் ஒரு பைசா, அதாவது 0.01 ரூபாய், அப்படி உட்காராது. நூறில் ஒன்றை இரண்டின் அடுக்குகளால் எழுதத் தொடங்கினால் அது முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும். எங்காவது ஓரிடத்தில் வெட்டியே ஆக வேண்டும். மாவுக்கும் காணிக்கும் முந்திரிக்கும் இதே கதிதான், ஏனெனில் அவற்றின் பகுதியில் 5 என்ற காரணி உள்ளது. பழைய அணா கணிப்பொறிக்கு உறவு. புதிய பைசா அதற்கு அந்நியம்!

பின்ன எண்களைக் கணிப்பொறி வைத்துக்கொள்ளும் முறைக்கு 1985-இல் ஐ.இ.இ.இ. 754 என்ற பொதுத்தரம் வந்தது. அதை உருவாக்கியதில் வில்லியம் ககான் என்ற கணித அறிஞருக்குப் பெரும் பங்கு உண்டு. அதன்படி 64 இருமக் குறிகளில் வைக்கப்படும் எண்ணைத் திரும்ப எழுத்தாக்குவது தனிக் கலை. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பல நிரல் மொழிகள் 0.30000000000000004 என்று எழுதும். 2.675-ஐ இரண்டு தசம இடத்துக்கு எழுதச் சொன்னால் 2.68 வரும் என்று எதிர்பார்ப்போம். பைத்தான் மொழி 2.67 என்று எழுதும். உள்ளே இருப்பது 2.675 அல்ல, அதைவிட மிகமிகச் சிறிதளவு குறைந்த எண் என்பதே காரணம்.

உள்ளே உள்ள எண்ணை எத்தனை இலக்கத்தில் காட்டுவது? குறைத்தால் உண்மை கெடும். கூட்டினால் படிப்பவர் மிரளுவார். திரும்பப் படித்தால் அதே எண் கிடைக்க வேண்டும், ஆனால் இலக்கங்கள் இயன்றவரை குறைவாக இருக்க வேண்டும் என்ற கொள்கையைக் கை ஸ்டீல், ஜான் வைட் இருவரும் 1990-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர். பைத்தான் மொழி இம்முறைக்கு மாறியது 2009-இல் வந்த 3.1 பதிப்பில். அதற்கு முன் அதில் 0.1 என்று தட்டினால் 0.10000000000000001 என்று பதில் வந்து புதியவர்களைத் திகைக்க வைத்தது. விரைவாக எழுத்தாக்கும் புதிய வழிமுறைகள் 2010-க்குப் பின்னரும் வந்தபடி உள்ளன.

பாதியை எந்தப் பக்கம் தள்ளுவது?

1957-இன் இரண்டணாச் சிக்கல் கணிப்பொறியிலும் அப்படியே இருக்கிறது. 12.5, 37.5, 62.5, 87.5 ஆகிய நான்கு எண்களையும் முழு எண்ணாக எழுத வேண்டும். நாணயச் சட்டத்தின்படி விடை 12, 37, 62, 87. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் முறையில், பாதி வந்தால் மேலே ஏற்ற வேண்டும். விடை 13, 38, 63, 88. பைத்தானின் எழுத்தாக்க முறையில் பாதி வந்தால் அருகில் உள்ள இரட்டை எண்ணுக்குப் போகும். விடை 12, 38, 62, 88. மூன்றாவது முறையில் இரண்டு ஏறி இரண்டு இறங்குவதால் மொத்தத்தில் யாருக்கும் சாய்வில்லை. வங்கியாளர் முறை என்று இதற்கு ஒரு பெயரும் உண்டு.

ஒரே மொழிக்குள்ளும் முறைகள் மாறுவதுண்டு. ஜாவா மொழியில் எண்களை எழுத்தாக்க இரண்டு வசதிகள் உள்ளன. ஒன்று இரட்டை எண் முறையையும், மற்றது மேலேற்றும் முறையையும் இயல்பாகக் கொண்டுள்ளது. நிரல் எழுதுபவர் இதை அறியாமல் இரண்டையும் கலந்து எழுதினால் ஒரே ரசீதில் இரண்டு விதமான தொகை வரலாம்.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 170-ஆவது பிரிவில் இதற்கு விதி சொல்கிறது. வரித்தொகையில் 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் முழு ரூபாயாக ஏற்ற வேண்டும். குறைந்தால் விட்டுவிட வேண்டும். 1955-இன் சட்டம் பாதியை இறக்கியது, 2017-இன் சட்டம் பாதியை ஏற்றுகிறது. எது சரி என்று கணிதம் சொல்லாது. ஆனால் இரண்டும் விதியை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டன. நிரல் மொழிகளில் அந்த விதி பெரும்பாலும் கையேட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் ஒளிந்துகிடக்கிறது.

வெட்டியதால் வந்த வினை

கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை, 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டெண்ணை 1000 என்ற அளவில் தொடங்கியது. ஒவ்வொரு வணிகத்துக்குப் பின்னும் புதிய மதிப்பைக் கணக்கிட்டு, மூன்று தசம இடங்களுக்கு மேல் உள்ளதை அப்படியே வெட்டிவிட்டார்கள். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை இந்த வெட்டு நடந்தது. 1983 நவம்பரில் குறியீட்டெண் 524.811-க்கு இறங்கிக் கிடந்தது. சரியாகக் கணக்கிட்டபோது கிடைத்த மதிப்பு 1098.892. சந்தை ஏறியிருந்தது, எழுத்து இறங்கியிருந்தது!

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. 1991 பிப்ரவரி 25-ஆம் நாள், வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு எதிரி ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படையினர் இறந்தனர். அந்த அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு வினாடி என்ற அலகில் எண்ணியது. பத்தில் ஒன்று, தமிழ்க் கணக்கின் இருமா. அதை 24 இருமக் குறிகளில் வெட்டி வைத்திருந்ததால் நேர்ந்த சிறுபிழை, நூறு மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் மூன்றில் ஒரு வினாடி அளவுக்கு வளர்ந்துவிட்டது.

காற்புள்ளி போடும் ஊர் வழக்கம்

எண்ணை எழுத்தாக்குவதில் புள்ளிக்கு வலப்பக்கம் மட்டுமல்ல, இடப்பக்கமும் பிரச்சினை உண்டு. பன்னிரண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழு ரூபாயை இந்தியர் 12,34,567 என்று எழுதுவர். மேலைநாட்டார் 1,234,567 என்று எழுதுவர். மேலைநாட்டில் பிறந்த நிரல் மொழிகள் மும்மூன்றாகவே பிரிக்கப் பழகியவை. ஜாவாவின் பழைய எழுத்தாக்க வசதியில் லட்சம், கோடி முறையில் வடிவத்தை எழுதிக் கொடுத்தாலும் அது கடைசிக் குழுவின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். பிற்காலத்தில் உலக மொழிகளின் வழக்கங்களைத் தொகுத்த பொதுத் தரவுகள் வந்த பிறகே லட்சமும் கோடியும் திரையில் ஒழுங்காக வரத் தொடங்கின.

முந்திரிக்குக் கிடைத்த இடம்

தமிழ் எண்களில் ஒன்று முதல் ஒன்பது வரையும், பத்து, நூறு, ஆயிரமும் ஒருங்குறியில் தொடக்கத்திலேயே இடம்பெற்றன. பூச்சியம் 2005-இல் சேர்ந்தது. பின்னக் குறிகளுக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 2019-இல் வெளியான ஒருங்குறி 12.0 பதிப்பில்தான் தமிழ்ப் பின்னங்களும் பழைய அளவைக் குறிகளும் ஒரு தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. அந்தத் தொகுதியின் முதல் இடத்தில் இருப்பது 1/320, அதாவது நம் முந்திரி.

இனி ஒரு மாணவர் விரும்பினால், பின்னத்தைத் தமிழ் முறையில் எழுத்தாக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதிவிடலாம். எண்ணை 320-ஆல் பெருக்க வேண்டும். வரும் முழு எண்ணில் முக்கால் (240), அரை (160), கால் (80), நாலுமா (64) என்று பெரியதிலிருந்து சிறியதாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் மிஞ்சும் ஒன்று முந்திரி.

இந்தச் சிறு நிரலில் ஒரு பெரிய பாடமும் இருக்கிறது. பணக் கணக்கைப் பின்னமாக வைக்காமல், மிகச் சிறிய அலகின் முழு எண்ணிக்கையாக வைத்துக்கொள்ள வேண்டும். எழுதிக் காட்டும்போது மட்டும் ரூபாயாக மாற்ற வேண்டும். இன்றைய வங்கி மென்பொருள் வல்லுநர்கள் ரூபாயைப் பைசாக்களாக எண்ணி வைக்கச் சொல்வதும், தசம எண்களுக்கென்றே உள்ள தனி வகைகளைப் பயன்படுத்தச் சொல்வதும் இதனால்தான். 1960 வாக்கில் வணிகக் கணக்குக்காகப் பிறந்த கோபால் மொழி, தொகைகளைத் தசம இலக்கங்களாகவே வைத்துக்கொள்ள அன்றே வழி செய்திருந்தது.

முடிவுரை

மறுபடியும் அந்த 320 பேரிடம் வருவோம். ஆளுக்கு 0.00 என்று எழுதினால் ரூபாய் முழுவதும் மறைகிறது. மூன்று தசம இடத்துக்கு 0.003 என்று எழுதிக் கொடுத்தால் 320 பேருக்கும் சேர்த்து 96 பைசா போகிறது. நான்கு பைசா கணக்கில் இல்லை. 1957-இல் அந்த எட்டு இரண்டணாக்களில் விழுந்ததும் இதே நான்கு பைசாதான். ஆறு தசம இடத்துக்கு 0.003125 என்று எழுதினால்தான் ரூபாய் முழுதாக வீடு சேர்கிறது.

அம்மன் காசுக்கு 1948-க்குப் பின் வேலை இல்லாமல் போனது. அணாவுக்கு 1957-க்குப் பின் வேலை குறைந்தது. பழையதுதான் சிறந்தது என்பது இதன் பொருளன்று. தசம முறை எளியது, உலகம் முழுவதற்கும் பொதுவானது. ஆனால் எந்த முறையும் எல்லாப் பின்னத்தையும் முழுதாகச் சுமக்காது. ஒவ்வொன்றும் எதையாவது கீழே விடும். விழுவது எவ்வளவு, எந்த விதிப்படி, யார் பக்கம் என்பதைச் சொல்லிவிட்டுச் செய்தால் அது கணக்கு. சொல்லாமல் செய்தால், சின்னக் காசு தொலைந்தது என்று தெரிந்து அரைக்காசு அம்மனிடம் வேண்டிக்கொள்ளக்கூட அதை இழந்தவருக்கு வாய்ப்பில்லை.